உம் கொட்ட ஆள் எங்கே? சொந்தக் கதை சொல்லப் பழக ஐந்து வழிகள்

எங்கள் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். 2003 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அன்றைக்கு அவருடைய கடைசி டிரிப் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு. வலங்கைமானில் அம்மாவும் நானும் தங்கையும் ஏறிக்கொண்டோம். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எங்களை முன்னே பின்னே பார்த்தே இராதவர் போல அம்மா எதிரில் நின்று, "எங்கம்மா போகணும்?" என்றார்.

இந்தக் கதையை இருபது வருடமாக வைத்திருக்கிறேன். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அற்புதமாக இருக்கும். வாயைத் திறந்து பத்து பேர் முன்னால் முதன்முதலாகச் சொன்னது அலுவலகத்தில் ஒரு மூத்தவரின் பிரிவு உபசாரத்தில். கண்டக்டர் வேலையின் கஷ்டம், அந்தக் காலத்து ரோடு, அப்பாவின் நேர்மை என்று முன்னுரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பஸ் வலங்கைமானுக்கு வருவதற்குள் சமோசா வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் இதை ஒழுங்காகப் பழக வேண்டும் என்று கிளம்பினேன். மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் மேடை, காசு கட்டிப் போகும் பட்டறை, போனில் ஒலிப்பதிவு, நண்பர்கள் நாலைந்து பேர் வீட்டில் கூடும் வட்டம் என ஐந்தையும் முயன்றாயிற்று. ஐந்துக்கும் கொண்டுபோனது இதே பஸ் கதையைத்தான். அதனால் ஒவ்வொரு இடமும் ஒரு கதையை என்ன செய்கிறது என்று ஒப்பிட வசதியாகப் போயிற்று. உங்களிடமும் அப்படி ஒரு கதை இருந்து, எங்கே போய்ப் பழகலாம் என்ற யோசனையில் இருந்தால் மேலே படியுங்கள்.

மேடையில் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பட்டிமன்றம், கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு என்று எத்தனையோ உண்டு. ஆனால் காலட்சேபக்காரர் சொல்வது ராமன் கதையை, வில்லுப்பாட்டுக்காரர் சொல்வது சாமி கதையை. பட்டிமன்றத்தில் சொந்த அனுபவம் எட்டிப் பார்க்கும்தான், ஆனால் அது அணிக்குச் சாதகமாக ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போய்விடும். கி. ராஜநாராயணன் ஊர் ஊராகக் கதைகளைத் திரட்டினார். திருவண்ணாமலையின் பவா செல்லதுரை பிறர் எழுதிய கதைகளை வாயால் சொல்லியே பெரிய கூட்டத்தை உட்கார வைக்கிறார். அங்கேயும் கதை பெரும்பாலும் இன்னொருவருடையது. சொந்தக் கதைக்கு நம் ஊரில் இருந்த இடமெல்லாம் திண்ணை, ரயில் பெட்டி, சாவு வீட்டின் பின்னிரவு.

அந்த இடங்களில் எதிரில் இருப்பவர் உம் கொட்டுவார். எங்கள் பாட்டி, "உம் கொட்டலன்னா சொல்ல மாட்டேன்" என்பாள். உம் நின்றுவிட்டால் அவளுக்குத் தெரியும், பிள்ளை தூங்கிவிட்டது, இல்லாவிட்டால் கதை இழுக்கிறது. இந்த ஐந்து வழிகளையும் நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன்: அங்கே உம் கொட்டுவது யார், எப்படி?

கால் நடுங்கினால் டோஸ்ட்மாஸ்டர்ஸ்

நாலு பேர் முன்னால் நின்றாலே தொண்டை அடைக்கிறது என்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான், எனக்குச் சந்தேகமில்லை. 1924ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.யில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆரம்பித்தது. நூறு வருடம் தாண்டிவிட்டது. சென்னையில் பல பேட்டைகளிலும் ஐ.டி. கம்பெனிகளுக்கு உள்ளேயும் கிளப்கள் இருக்கின்றன. தமிழிலேயே கூட்டம் நடத்தும் கிளப்களும் உண்டு. விருந்தாளியாக ஓரிரு கூட்டம் போய்ப் பார்த்துவிட்டுச் சேரலாம். சேர்ந்தால் தலைமையகத்துக்கு 6 மாதத்துக்கு 60 டாலர் சந்தா, புதிதாகச் சேரும்போது மட்டும் இன்னொரு 20 டாலர். கிளப் தன் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் வாங்கலாம். ரூபாயில் பார்த்தால் கொஞ்சம் கையைக் கடிக்கும், ஆனால் அந்தக் காசுக்கு அரை வருடம் விடாமல் ஒரு மேடை கிடைக்கிறது.

முதல் உரைக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றியே பேச வேண்டும். ஆக, உள்ளே நுழைந்ததும் கேட்பதே சொந்தக் கதையைத்தான். நாலாவது நிமிடம் பச்சை விளக்கு, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் மதிப்பீடு சொல்வார். இன்னொருவர் நீங்கள் எத்தனை 'ஆ', எத்தனை 'உம்' இழுத்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். என்னுடைய கணக்கில் 'அப்புறம்' மட்டும் 19. வீட்டில் கேட்பவர் உம் கொட்ட வேண்டும், இங்கே சொல்பவர் உம் கொட்டினால் குறித்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த எண்ணிக்கை நல்ல மருந்து. மூன்று மாதத்தில் என் 'அப்புறம்' ஐந்தாகக் குறைந்தது. அதைவிட, கூட்டத்தின் நடுவில் வரும் டேபிள் டாபிக்ஸ், அதாவது அந்த நொடியில் கொடுத்த தலைப்பில் இரண்டு நிமிடம் பேசுவது, பயத்தைப் பாதியாக்கியது.

எல்லாம் சரி, கதை? கதை அங்கே உரையாகிவிடுகிறது. உரைக்கு ஒரு கருத்து வேண்டும், அதைக் கடைசியில் தூக்கிக் காட்ட வேண்டும். நானும் "கடமையின் முன் குடும்பம்கூட வரிசையில்தான் நிற்க வேண்டும்" என்று முடித்தேன். நல்ல கைத்தட்டல். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது எங்கள் அப்பா இல்லை, பாடப்புத்தகத்தில் வரும் ஒருவர்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. தமிழில் மைக்கைப் பிடித்ததும் நம் நாக்கு மேடைத் தமிழுக்குத் தாவிவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. "என் தாயார் பேருந்தில் ஏறி அமர்ந்தார்கள்" என்றேன். எங்கள் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். தாயார் யாரென்று எனக்கே தெரியாது. தமிழ்க் கிளப்பில் சேர்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: வணக்கத்தையும் நன்றியையும் மேடைத் தமிழில் சொல்லுங்கள், நடுவில் இருக்கும் கதையை வீட்டில் பேசும் தமிழில் சொல்லுங்கள். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர்ப் பேச்சில், நாகர்கோவில்காரர் நாகர்கோவில் பேச்சில். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும்.

ஐந்து நிமிட மேடை

ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தவர். அங்கே வீட்டு முகப்பில் நண்பர்கள் இரவெல்லாம் கதை பேசிக்கொண்டிருப்பார்களாம், விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் பறக்குமாம். நியூயார்க்குக்கு வந்த பிறகு அந்த இரவுகளுக்கு ஏங்கி, 1997ல் தன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கூட்டம் போட்டார். பூச்சியின் பெயரையே அதற்கு வைத்தார்: த மாத். திண்ணையைப் பறிகொடுத்தவர் கட்டிய திண்ணை என்று நான் நினைத்துக்கொள்வேன். விதிகள் கொஞ்சம்தான். கதை உண்மையாக இருக்க வேண்டும், உங்களுக்கு நடந்ததாக இருக்க வேண்டும், கையில் தாள் கூடாது. அவர்கள் நடத்தும் ஸ்டோரிஸ்லாம் போட்டியில் தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வருபவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். பத்து பேரை எடுப்பார்கள். ஆளுக்கு 5 நிமிடம். மதிப்பெண் போடுவது கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆட்கள்.

லண்டனிலோ நியூயார்க்கிலோ மெல்பர்னிலோ இருக்கும் தமிழர்கள் நேராகப் போய்ச் சீட்டுப் போடலாம். சென்னையிலும் பெங்களூரிலும் நமக்குக் கிடைப்பது காபிக் கடைகளில் நடக்கும் ஓப்பன் மைக். அங்கே ஸ்டாண்ட்-அப் காமெடியும் கவிதையும்தான் அதிகம், நடுவில் ஒரு கதைக்காரர் வந்தால் தடுக்க மாட்டார்கள். செலவு ஒரு காபி, சில இடங்களில் ஒரு சிறு கட்டணம்.

நான் போன இடத்தில் எனக்கு முன்னால் இரண்டு காமெடியன்கள். நான் ஏறி, "எங்கம்மா போகணும்?" என்றதும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. இருபது வருடம் மனசுக்குள் ஓட்டியதில் அது ஒரு சோகமான வரியாக இருந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே எல்லோரும் ஒரு தடவையாவது அறிமுகமில்லாத கூட்டத்துக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த தடவை நான் என்ன செய்தேன் தெரியுமா? விசில் அடித்தேன். "உள்ள போ, உள்ள போ, ஏறி வா" என்று குரல் மாற்றினேன். மூன்றாவது தடவை அப்பாவுக்கு மீசையே முளைத்துவிட்டது. நிஜத்தில் அவருக்கு மீசை கிடையாது. சிரிப்பு மாதிரி ஒரு போதை இல்லை. மேடையில் கிடைக்கும் உம் அதுதான், சத்தமாக வருகிறது. ஆனால் ஒரு கதைக்குத் தேவையான வேறு உம்களை, உதாரணமாக யாரும் அசையாமல் இருக்கும் அந்த மூன்று வினாடியை, பக்கத்தில் காபி மெஷின் சீறிக்கொண்டிருக்கும்போது கேட்க முடியாது.

போட்டியும் மேடையும் பரீட்சை மாதிரி. பரீட்சை எழுதியே ஒருவன் படித்துவிட முடியாது. கதையை வேறெங்காவது செய்துவிட்டு இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. த மாத் ஆட்களே பெரிய மேடை நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு கதைக்கும் ஒரு இயக்குநரை உட்கார வைத்துப் பலமுறை சொல்லச் சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். அவர்களிடமிருந்து வந்த ஒரு எச்சரிக்கை முக்கியம்: தழும்பைச் சொல், புண்ணைச் சொல்லாதே. போன மாதம் நடந்த விவாகரத்தை, இன்னும் ஈரம் காயாத மரணத்தை மைக்கில் சொல்லப் போனால் நீங்கள் உடைவீர்கள், கூட்டம் உங்களைத் தேற்றுவதா கதையைக் கேட்பதா என்று தவிக்கும். அதை நெருங்கியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லுங்கள். மேடை எங்கேயும் போய்விடாது.

காசு கட்டிப் பழகுவது

இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். முப்பது பேர், மதியச் சாப்பாடு பிரமாதம். நாயகன் புறப்படுகிறான், சோதனைகளைச் சந்திக்கிறான், மாறித் திரும்புகிறான் என்று பெரிய வட்டம் வரைந்து காட்டினார்கள். எங்கள் அப்பா கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு மன்னார்குடிக்குப் போனார், சோதனை என்றால் செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட அன்றைக்கு ஏறவில்லை. அந்த வட்டத்துக்குள் இந்தக் கதையை அடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு நாளில் நான் வாய் திறந்து சொன்னது மொத்தம் 7 நிமிடம்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. பயிற்சியாளர் என் கதையை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பஸ் எப்ப வரும்?" என்றார். அன்றையிலிருந்து நான் கதையை அப்பா நேராக வந்து நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். அந்தக் கேள்வி மட்டுமே கட்டிய காசுக்குச் சமம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எனக்கு எத்தனை நிமிடம் சொல்லக் கிடைக்கும்? சொன்ன கதையைத் திருத்தி இரண்டாவது தடவை சொல்ல நேரம் இருக்குமா? இரண்டாவது கேள்விக்கு 'இருக்காது' என்று பதில் வந்தால் அது சொற்பொழிவு, பட்டறை இல்லை. ஆறேழு பேர் மட்டும் இருக்கும் தொடர் வகுப்பு கிடைத்தால் போகலாம். குழந்தைகளுக்கும் வகுப்பறைக்கும் கதை சொல்லக் கற்க விரும்பினால் அது வேறு கலை. பெங்களூரில் கீதா ராமானுஜம் 1998ல் தொடங்கிய கதாலயா மாதிரியான அமைப்புகள் அதற்காக இருக்கின்றன. தொண்டு நிறுவனம், சங்கம், தேர்தல் வேலை என்று ஆட்களைத் திரட்டுபவர்களுக்கு ஹார்வர்டின் மார்ஷல் கான்ஸ் வகுத்த முறை பொருந்தும். ஒரு சவால் வந்தது, நான் ஒன்றைத் தேர்ந்தேன், அதனால் இது விளைந்தது என்று தன் கதையில் தொடங்கி, நம் கதைக்கு வந்து, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதில் முடிப்பது. கேட்பவரை எழுந்து நடக்க வைப்பதுதான் அதன் வேலை, அதற்கு அது நன்றாகவே உதவும். அப்பாவைப் பற்றிய கதைக்கு ஒத்துவராது.

நாம் கதை சொன்னால் நடிகர்கள் அங்கேயே அதை நடித்துக் காட்டும் பிளேபேக் தியேட்டர் என்று ஒன்றும் இருக்கிறது. 1975ல் அமெரிக்காவில் தோன்றியது, சென்னையிலும் குழுக்கள் உண்டு. ஒரு மாலை போய்வர நல்ல அனுபவம். ஆனால் அங்கே கதையைச் செதுக்குவது நீங்கள் இல்லை, அவர்கள்.

போனும் அம்மாவும்

தனியாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவு செய்வதை நான் ஒரு மாதம் விடாமல் செய்தேன். செலவில்லை, கூச்சமில்லை. தன் குரலைத் தானே கேட்பது முதல் வாரம் கொடுமை, பிறகு பழகிவிடும். எங்கே வேகமெடுக்கிறோம், எந்த வார்த்தையைத் தேய்க்கிறோம் என்பதெல்லாம் தெரியும். ஆனால் சுவர் உம் கொட்டாது. பத்தாவது தடவை சொல்லும்போது கதை மனப்பாடச் செய்யுள் ஆகிவிட்டது. பாட்காஸ்ட் தொடங்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரு கதையையே உருப்படியாகச் சொல்லத் தெரியாதவன் வாரத்துக்கு ஒன்று எங்கே போவான்?

ஆனால் அதே போனை வேறு மாதிரி பயன்படுத்தலாம். 2003ல் டேவ் ஐசே என்ற வானொலிக்காரர் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு பதிவுக் கூண்டு வைத்தார். ஸ்டோரிகார்ப்ஸ் என்று பெயர். ஒருவரையொருவர் அறிந்த இரண்டு பேர் உள்ளே போய் 40 நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும், ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல. அவர்கள் சம்மதித்தால் அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்புற வழக்காற்று மையத்தில் சேரும். கூண்டு நமக்குத் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை இருவருக்கும் நடுவில் ஒரு துண்டின் மேல் வைத்தால் போதும்.

அப்படித்தான் அம்மாவை உட்கார வைத்தேன். "அன்னிக்கு அப்பா தன் கையிலேர்ந்து காசு போட்டு நமக்கு டிக்கெட் கிழிச்சார்ல, அப்ப உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். என் கதையின் உச்சமே அதுதான். கிளப்பிலும் காபிக் கடையிலும் பட்டறையிலும் கைத்தட்டல் வாங்கிய இடம்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அவரா? கையிலேர்ந்தா? நான்தாண்டா அம்பது ரூபா நோட்டு குடுத்தேன். இருவது ரூபா திருப்பிக் குடுத்துட்டு, சில்லறை இல்லன்னு டிக்கெட் பின்னாடி பாக்கி எழுதிக் குடுத்தார். எறங்கும்போது வாங்கிக்கங்கன்னார்." எழுந்துபோய் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து மடித்த டிக்கெட்டை எடுத்து வந்தாள். பால்பாயின்ட் மை மங்கிப்போயிருந்தது. ஒன்பது மாதிரி இருந்தது.

நான் பொய் சொல்லியிருக்கவில்லை. இருபது வருடம் நானே சொல்லிச் சொல்லி அதை நம்பியிருந்தேன். நடந்தது நான் கட்டியதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வயதான பெற்றோர் இருப்பவர்கள் வேறெந்த வழியைத் தேர்ந்தாலும் சரி, இதை மட்டும் இந்த மாதமே செய்துவிடுங்கள்.

நாலு பேர் வட்டம்

கடைசியாக வந்தது, எனக்கு அதிகம் கொடுத்தது. ஐந்து பேர் சேர்ந்தோம், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒருவர் வீட்டில். ஆளுக்கு 7 நிமிடம், அடுப்படி டைமரை முறுக்கி வைத்துவிடுவோம். டீ மட்டும்தான். முதல் மாதம் பஜ்ஜி, இரண்டாம் மாதம் பஜ்ஜியும் கேசரியும் என்று போட்டி கிளம்பியது. அப்படி விட்டால் கூட்டம் நடக்கும் வீட்டுப் பெண்கள் கதை கேட்காமல் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதாகிவிடும் என்று நிறுத்தினோம்.

முதல் விதி, சொல்லி முடித்ததும் யாரும் "இதாவது பரவால்ல, எனக்கு நடந்ததக் கேளு" என்று தொடங்கக் கூடாது. நம் வீடுகளில் கதைகள் சாவது இந்த ஒரு வாக்கியத்தால்தான். அறிவுரையும் கூடாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். 1935ல் தொடங்கிய இயக்கம், குடியை விட முயல்பவர்களுக்காக. அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டோம். இங்கே கேட்டது இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதையும்.

கருத்துச் சொல்வதற்கு லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990ல் உருவாக்கிய முறையைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டோம். முதலில் கேட்டவர்கள் தங்கள் மனதில் தங்கிய இடத்தைச் சொல்வார்கள். பிறகு கதை சொன்னவர் தனக்குச் சந்தேகம் உள்ள இடத்தைப் பற்றிக் கேட்பார். அதன் பிறகு கேட்டவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு இழுத்தே?" கூடாது. "பஸ்ல கூட்டம் எவ்வளவு?" கேட்கலாம். அபிப்பிராயம் கடைசியில், அதுவும் சொன்னவர் சரி என்றால் மட்டும்.

நான் பாக்கி எழுதிய டிக்கெட்டோடு புதிய கதையைச் சொன்ன அன்று ஒரு நண்பர் கேட்டார், "அம்மா காசு குடுத்தப்ப நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே? அப்புறம் எப்படி நீ பார்க்கல?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். பின் சீட்டில் என் கல்லூரியில் படித்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டையும் தோல் பையுமாக நிற்பவர் என் அப்பா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் எங்களைத் தெரியாதவர் போல நடந்துகொண்டதும் எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது.

இந்த இடம் எந்த மேடையிலும் வந்திருக்காது. கிளப்பில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை, காபிக் கடையில் அதைக் கேட்க ஆளில்லை, பட்டறையில் கேட்டிருந்தாலும் முப்பது அந்நியர் முன்னால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாவது மாதமும் அதே கதை, மூன்றாவது மாதமும் அதே கதை. வட்டத்தின் பலமே அதுதான், ஒரே கதையை அதே காதுகள் மறுபடி மறுபடி கேட்கும். போன தடவை இல்லாதது இந்தத் தடவை வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். நான் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் ஒன்றாகக் குழைத்ததுதான் என் பழைய கதையின் கோளாறு. தமிழில் அதற்கு மருந்து ஒரே அசையில் இருக்கிறது. "டெப்போவுல பையை ஒப்படைச்சுட்டு ரொம்ப நேரம் பெஞ்சுலயே உக்காந்திருந்தாராம்." அந்த 'ஆம்' போதும், நான் அங்கே இல்லை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். உண்மைக் கதை சொல்பவர்களுக்கு இதைவிட வசதியான மொழி வேண்டுமா?

குறைகள் இல்லாமல் இல்லை. நண்பர்கள் சில சமயம் பஞ்சில் பொதிந்தே பேசுவார்கள். ஒருவருக்கு மாற்றல், இன்னொருவர் வீட்டில் பிளஸ் டூ என்று எங்கள் வட்டம் எட்டாவது மாதம் நின்றுபோனது. யாராவது ஒருவர் விடாப்பிடியாக எல்லோருக்கும் போன் போட்டால்தான் இது நடக்கும்.

அப்படியானால் எது?

பயம்தான் பிரச்சினை என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ், ஆறு மாதம், அதற்கு மேல் உங்கள் விருப்பம். பயமில்லை, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை என்பவர்கள் 5 நிமிட மேடைக்குப் போகலாம், அந்தக் கடிகாரம் நல்ல வாத்தியார். கதை இருக்கிறது, ஆனால் அதில் ஏதோ ஒன்று உட்காரவில்லை என்றால் வட்டம்தான். நான்கு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேர் போதும். பட்டறையை நான் கடைசியில் வைப்பேன், ஏற்கனவே பத்து தடவை சொல்லிப் பார்த்த கதை கையில் இருந்து, எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிறகு போனால்தான் காசு வீணாகாது. இரவு எட்டு மணிக்கு மேல் நடக்கும் காபிக் கடைக் கூட்டங்கள் பல பெண்களுக்குத் தோதுப்படுவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. மறுபடி தொடங்கச் சொன்னால் அம்மாவின் பதிவு, வட்டம், கிளப், மேடை என்ற வரிசையில் போவேன். நான் போனது ஏறக்குறைய தலைகீழ்.

ஒன்று மட்டும் எந்த வழியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் கதையில் வருபவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் கைத்தட்டல் வாங்கிய காலத்திலெல்லாம் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிய கதையை மேடையில் சொல்வதற்கு முன்னால் ஊருக்குப் போய், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வாசலில் நாற்காலி போட்டு அவரிடம் சொன்னேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டிக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் நான் திரும்பிய இடம் வந்தபோது உம் நின்றது. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கண் திறந்திருந்தது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனேன். மன்னார்குடியில் நாங்கள் இறங்கி அம்மா ராஜகோபாலசாமி கோயில் பக்கம் நடக்கும் இடத்தில் மறுபடி ஒரு உம் வந்தது.

சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பாக்கி ஒம்பது இல்லடா, எட்டரை" என்றார்.